பழைய பிக்கப்புக்கு மாற்று டேங்க்: இரும்பா, பிளாஸ்டிக்கா, இருப்பதையே ஒட்டுப்போட்டு ஓட்டலாமா?

தூசிப்பாதை:

முப்பது வயது தாண்டிய பிக்கப். கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் எஞ்சின். டேங்க் சரக்குப் பெட்டிக்கு அடியில், சேஸிஸின் இடப்பக்கச் சட்டத்துக்கும் டிரைவ் ஷாஃப்டுக்கும் நடுவே, இரண்டு இரும்புப் பட்டைகளில் தொங்குகிறது. இரண்டு மாதமாக வண்டியைச் சுற்றிப் பெட்ரோல் வாசம். கார்புரேட்டரைச் சந்தேகித்தேன். கேஸ்கெட் மாற்றினேன், ஹோஸ் மாற்றினேன், வாசம் மட்டும் மாறவில்லை.

நேற்று டார்ச்சோடு அடியில் படுத்தேன். முன்பட்டை டேங்கின் அடிவயிற்றைத் தழுவும் இடத்தில், பட்டையின் ஓரம் முழுக்கக் கறுத்து ஈரமாக இருந்தது. சொட்டவில்லை, வியர்க்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். விரலால் தொட்டேன். காய்ந்த மரப்பட்டை போலத் துரு செதிலாகக் கழன்று வந்தது, அதன் பின்னால் வியர்வை கொஞ்சம் வேகமெடுத்தது. கையை எடுத்துக்கொண்டேன்.

இப்போது என் முன்னால் இருக்கும் வழிகள்: புதிய இரும்பு டேங்க், பிளாஸ்டிக் டேங்க், அலுமினியத்தில் செய்யச் சொல்வது, பழைய வண்டியிலிருந்து கழற்றியதை வாங்குவது, இதையே ஒட்டிச் சமாளிப்பது. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். இன்று இரவே ஆர்டர் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன்.

பழையஇரும்பு:

இன்று இரவு ஆர்டர் கொடுக்காதீர்கள். இன்று இரவு செய்ய வேண்டியது வேறு.

வண்டி மூடிய கொட்டகையில் நிற்கிறதா? வெளியே தள்ளுங்கள், ஸ்டார்ட் செய்து எடுக்க வேண்டாம், கையால் தள்ளுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. மேலே போய்க் கலைந்துவிடாது, தரையோடு ஊர்ந்து மூலையில் தேங்கும். அந்த மூலையில் ஒரு ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தாலே போதும். பேட்டரியின் எர்த்தைக் கழற்றுங்கள். பிறகு கையால் அழுத்தும் சைஃபன் பம்ப் ஒன்றினால் பெட்ரோலை முறையான கேனுக்கு மாற்றுங்கள். மின்சார பம்ப், வேக்கம் கிளீனர் போன்ற யோசனைகள் தோன்றினால் அவற்றைத் தோன்றிய இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

டேங்க் வாங்குவது அதற்குப் பிறகு. கழற்றிக் கீழே வைத்து அளக்காமல் வாங்கிய டேங்க் பாதிக்குப் பாதி திரும்பிப் போகும். நான் இரண்டு முறை திருப்பி அனுப்பியவன்.

மழைச்சேறு:

அவசரத்துக்கு ஒரு பழைய வழி: குளியல் சோப்புக் கட்டியை ஓட்டையின் மேல் அழுத்தித் தேய்த்தால் ஊசித்துளைக் கசிவு நின்றுவிடும். சோப்பு பெட்ரோலில் கரையாது. ஒரு முறை இப்படியே 40 கிலோமீட்டர் ஓட்டி வீடு வந்து சேர்ந்திருக்கிறேன். ஆனால் அது வீடு வந்து சேர்வதற்கு மட்டும்தான். எபாக்சிக் களிம்பும் அப்படியே. ஈரமான துருவின் மேல் எதுவும் ஒட்டாது. ஒட்டியது போல நடிக்கும்.

தூசிப்பாதை:

வண்டி வெளியில் நிற்கிறது. 17 லிட்டர் இறக்கியாயிற்று. என் பக்கத்துப் பட்டறைக்காரர் டேங்கைக் கழற்றிக் கொடுத்தால் தண்ணீர் விட்டு அலசி, வெயிலில் காயவைத்து, ஓட்டையை வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்கிறார். இருபது வருடமாகச் செய்கிறாராம்.

பற்றவைப்பவன்:

என் தொழிலே வெல்டிங் என்பதால் சொல்கிறேன்: கொடுக்காதீர்கள்.

நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்குக்குத்தான் நாங்கள் பயப்படுவோம். பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 சதவீதம் இருந்தால் தீப்பிடிக்கும். இத்தனை பெரிய டேங்கில் அந்த அளவை எட்டுவதற்கு ஓரிரு மேசைக்கரண்டிப் பெட்ரோல் போதும். அந்தக் கரண்டிப் பெட்ரோல் எங்கே இருக்கும்? மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் மடிப்பில் இருக்கும். அலைதடுப்புத் தகட்டுக்கு அடியில் இருக்கும். அடியில் படிந்த பிசினுக்குள் ஊறியிருக்கும். அலசும்போது வராது. வெயிலில் காயும்போதும் முழுக்க வராது. வெல்டிங் டார்ச்சின் சூடு பட்டதும் வரும்.

முறையாகச் செய்கிறவர்கள் நீராவி விட்டு வெகுநேரம் கொதிக்கவைத்து, ஆவி அளக்கும் கருவி வைத்துப் பார்த்து, பிறகு மந்த வாயு நிரப்பிக்கொண்டுதான் கை வைப்பார்கள். இருபது வருடமாக ஒன்றும் ஆகவில்லை என்பது கருவியில் வரும் அளவு அல்ல.

இன்னொன்று. பட்டைக்கு அடியில் துளை விழுந்திருக்கிறது என்றால் அந்தப் பட்டை ஓடும் நீளம் முழுவதும் தகடு காகிதமாகியிருக்கும். நான் ஒரு துளையை மூடினால் இரண்டு விரல்கடை தள்ளி அடுத்தது திறக்கும். இதற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா?

கேபின்டேங்க்:

உள்ளே ஊற்றிச் சுழற்றும் பூச்சு மருந்து பற்றி யாரும் சொல்லவில்லையே? என் வண்டி 1967 மாடல் ஷெவர்லே. டேங்க் இருக்கைக்குப் பின்னால், கேபினுக்குள்ளேயே நிற்கிறது. முதுகுக்கும் பெட்ரோலுக்கும் நடுவே ஒரு மெத்தை. எட்டு வருடம் முன்னால் உள்பூச்சுக் கொடுத்தேன்.

பழையஇரும்பு:

//எட்டு வருடம் முன்னால் உள்பூச்சுக் கொடுத்தேன்//

இப்போது எப்படி இருக்கிறது என்று சொல்லவில்லையே.

கேபின்டேங்க்:

சரி, மாட்டிக்கொண்டேன். ஐந்தாவது வருடம் தோல் உரிய ஆரம்பித்தது. வெள்ளை வெள்ளையாக மெல்லிய தாள் போல வந்து உறிஞ்சுகுழாய் வலையில் படியும். வண்டி நன்றாக ஓடிக்கொண்டே இருக்கும், மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்கும், நிறுத்தினால் தாள் விலகிவிடும், மறுபடி ஸ்டார்ட் ஆகும். மூன்று மாதம் இக்னிஷனைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிழை என்னுடையதாகவும் இருக்கலாம். அமிலம் விட்டுத் துருவை எடுத்தபின் உள்ளே முழுதாகக் காயாமல் பூசியிருப்பேன். சுத்தமான தகட்டில், பொறுமையாகச் செய்தால் நிற்கும் என்கிறார்கள். மாற்று டேங்க் கிடைக்காத அபூர்வ வண்டிக்கு வேண்டுமானால் செய்யலாம். மாற்று கிடைக்கும் வண்டிக்கு வேண்டாம்.

டீசல்வாசம்:

எல்லோரும் பழைய டேங்கைப் பற்றியே பேசுகிறீர்கள். கேட்டது புதியதைப் பற்றி. என் ஓட்டு பிளாஸ்டிக்குக்கு.

துருப்பிடிக்காது, அவ்வளவுதான் வாதம். அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் அது. சேறு ஒட்டினாலும் உப்பு பட்டாலும் ஒன்றும் ஆகாது. கல் அடித்தால் இரும்பு நசுங்கும், இது உள்வாங்கித் திரும்பும். இன்றைய கார்களில் பெரும்பாலானவை ஏன் இதற்கு மாறின?

மழைச்சேறு:

கார்கள் மாறியது உண்மை. ஆனால் அவற்றின் டேங்க் ஒற்றை பிளாஸ்டிக் அல்ல. வெறும் பாலிஎத்திலீன் சுவர் வழியாகப் பெட்ரோல் ஆவி மெல்ல மெல்ல ஊடுருவி வெளியே வரும். அதைத் தடுக்க முன்பு உள்சுவருக்கு ஃபுளோரின் கொடுத்தார்கள். இப்போது ஆவியை விடாத இன்னொரு பிளாஸ்டிக்கை நடு அடுக்காக வைத்து ஐந்து ஆறு அடுக்குகளாக ஊதி எடுக்கிறார்கள். பழைய வண்டிகளுக்கென்று குறைந்த எண்ணிக்கையில் செய்து விற்கும் பிளாஸ்டிக் டேங்குகள் பலவும் ஒற்றை அடுக்குதான். ஓட்டை ஒன்றும் இல்லாமலே வண்டி நிறுத்துமிடம் மணக்கும். வாசம் போகத்தானே இவ்வளவும் செய்கிறோம்?

டீசலுக்கு அந்தக் கவலை இல்லை. உங்கள் பெயரைப் பார்த்தாலே தெரிகிறது, உங்களுக்குப் பிளாஸ்டிக் ஏன் பிடித்திருக்கிறது என்று.

டீசல்வாசம்:

ஒப்புக்கொள்கிறேன், என்னுடையது டீசல். என் இரும்பு டேங்க் அடியிலிருந்து செத்தது. டீசலுக்கடியில் தண்ணீர் தேங்கும். அந்தத் தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் நுண்ணுயிர்கள் வளரும். கறுப்பாகச் சளி போல ஒரு படலம். அதன் அமிலம் தகட்டை உள்ளிருந்து தின்றுவிட்டது. டீசல்காரர்கள் யாராவது படித்தால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: உட்புறம் துத்தநாகம் பூசிய டேங்க் வேண்டாம். டீசலும் துத்தநாகமும் சேர்ந்தால் சோப்புப் பிசுக்குப் போல ஒன்று உண்டாகி ஃபில்டரை அடைக்கும். மேலே கால்வனைஸ் செய்து பளபளவென்று விற்பார்கள், ஏமாறாதீர்கள்.

பெட்ரோல் வண்டிக்கு என்ன என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

பற்றவைப்பவன்:

அலுமினியம் பற்றி ஒரு வார்த்தை, நான் செய்து கொடுப்பவன் என்பதால். எடை குறைவு, பார்க்க அழகு. கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்த அழகுக்காகவே வருகிறார்கள். ஆனால் இரும்புப் பட்டை நேரடியாக அலுமினியத்தைத் தொட்டு, நடுவில் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் கரையத் தொடங்கும். ஈரம் குடிக்காத ரப்பர் நாடா கட்டாயம். பிக்கப்பின் சேஸிஸ் முறுக்கிக்கொண்டே இருக்கும். டேங்கை நாலு மூலையிலும் இறுக்கிப் பூட்டினால் வெல்டிங் பற்றின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். ஒரு வருடத்தில் என்னிடமே திரும்பி வந்த டேங்குகள் உண்டு. அதன்பின் பட்டையில் தொங்கவிடாத வண்டிக்கு நான் செய்வதில்லை.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் விரிசல் கதை இதேதான். துரு வராது என்பது மட்டும் கூடுதல்.

தூசிப்பாதை:

கழற்றிவிட்டேன். ஜாக்கியின் மேல் ஒரு பலகை, பலகையின் மேல் டேங்க், அங்குலம் அங்குலமாக இறக்கினேன். காலி என்று நினைத்ததில் நான்கைந்து லிட்டர் மிச்சம் இருந்திருக்கிறது. ஒரு பக்கம் சாய்ந்ததும் அது மொத்தமாக அந்தப் பக்கம் ஓடி, டேங்கே என் மேல் சரியப் பார்த்தது. அடுத்து கழற்றுகிறவர்கள் இதை எதிர்பாருங்கள்.

பட்டையைப் பிரித்துப் பார்த்தேன். பட்டைக்கும் டேங்குக்கும் நடுவில் கறுப்பாக ஒரு நாடா. தார் தோய்த்த கம்பளி போல. அதைப் பிழிந்தால் தண்ணீர் வருகிறது! மழை நின்று மூன்று வாரம் ஆகிறது. துரு முழுக்க அந்த நாடாவின் அகலத்துக்குள்தான், அளந்து கோடு போட்டது போல. மற்ற இடமெல்லாம் சாம்பல் நிறத்தில் மங்கலாக, ஆனால் திடமாக இருக்கிறது.

உள்ளே டார்ச் அடித்தேன். அடியில் பழுப்புத் தூள், தட்டினால் நகர்கிறது.

பழையஇரும்பு:

அந்தச் சாம்பல் நிறம் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பூச்சு. அந்தக்கால டேங்குகளுக்கு அதைத்தான் பூசினார்கள். அதுதான் இத்தனை வருடம் காப்பாற்றியது. உங்கள் டேங்க் துருப்பிடித்துச் சாகவில்லை. அந்த நாடா அதைக் கொன்றது. அதைப் புரிந்துகொண்டால் இரும்பா பிளாஸ்டிக்கா என்ற கேள்வி பாதி வலுவிழந்துவிடும். நாடாவைச் சரிசெய்யாமல் எந்த இரும்பு டேங்கைப் போட்டாலும் மறுபடி இதே கோட்டில் போகும். ஈரம் குடிக்காத ரப்பர் போட்டால் சாதாரண இரும்பு டேங்கே இன்னொரு முப்பது வருடம் வரும்.

பட்டைகளையும் சேர்த்து வாங்குங்கள். போல்ட் போகும் வளைவில் பட்டை எப்போதும் மெலிந்திருக்கும். டேங்கோடு விழுந்த பட்டைகளைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது அளக்க வேண்டியவை. வெளி நீளம், அகலம், உயரம் எல்லோரும் அளப்பார்கள். அளக்காமல் விடுவது: இரண்டு பட்டைகளுக்கும் இடையிலான தூரம், பட்டை உட்காரும் பள்ளம் இருக்கிறதா, பெட்ரோல் ஊற்றும் கழுத்து எந்த முனையில் எந்தக் கோணத்தில் கிளம்புகிறது, கழுத்தின் வெளிவிட்டம், அதற்குப் பக்கத்தில் ஓடும் மெல்லிய காற்றுக்குழாயின் விட்டம், மேலே எத்தனை குழாய் முனைகள். வண்டியின் சக்கர இடைத்தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயர், ஒரே வருடம், ஆனால் குட்டைப் பெட்டி வண்டிக்கு ஒரு டேங்க், நீளப் பெட்டி வண்டிக்கு வேறு டேங்க் என்று இருக்கும். வருடத்தின் நடுவில் மாற்றியும் இருப்பார்கள். ஆகவே மாடல் வருடத்தை நம்பாமல் சேஸிஸ் எண்ணைக் கொடுத்துக் கேளுங்கள்.

தூசிப்பாதை:

இரண்டு கிடைக்கின்றன. ஒன்று என்னுடையது போன்ற கார்புரேட்டர் வகை. இன்னொன்று இதே வண்டியின் பிந்தைய, கார்புரேட்டருக்குப் பதில் அழுத்தத்தில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் மாடலுக்கானது, 12 லிட்டர் கூடுதலாகக் கொள்ளும், வெளி அளவு கொஞ்சம் ஆழம். என்றைக்காவது இன்ஜெக்‌ஷன் போடலாம் என்ற ஆசை உண்டு. இரண்டாவதை வாங்கிவிடலாமா?

கேபின்டேங்க்:

"என்றைக்காவது" என்ற சொல்லுக்காகக் காசைப் போட்டவர்களின் கூட்டத்தில் நானும் ஒருவன்.

கேபினிலிருந்து டேங்கை எடுத்துப் பின்னால், சட்டங்களுக்கு நடுவே, பிளேசர் (ஷெவர்லேயின் ஜீப் போன்ற வண்டி) வகை டேங்க் போடுவது என் போன்ற வண்டிக்காரர்களிடம் பிரபலம். நல்ல மாற்றம்தான், இருக்கைக்குப் பின்னால் இடமும் கிடைக்கும். ஆனால் ஸ்டெப்னிக்கு இடம் போகும், சைலன்சர் குழாயை வளைக்க வேண்டும் என்று வாங்கியபின்தான் தெரிந்தது, மூடியைச் சரக்குப் பெட்டியின் தரையில் வைப்பதா பக்கவாட்டில் வைப்பதா என்று ஆறு மாதம் யோசித்தேன். டேங்க் இன்னும் கொட்டகையில் நிற்கிறது.

ஓம்கணக்கு:

இன்ஜெக்‌ஷன் டேங்கில் கூடுதலாக இருப்பது கொள்ளளவு மட்டும் அல்ல. உள்ளே பம்ப் மூழ்கி நிற்க ஒரு கிண்ணம் இருக்கும். வளைவில் திரும்பும்போது பெட்ரோல் ஒதுங்கினாலும் கிண்ணத்தில் மிச்சம் நிற்கும். எஞ்சினிலிருந்து திரும்பி வரும் குழாய்க்கு ஒரு முனை இருக்கும். கார்புரேட்டருக்கு அந்த முனையை மூடிவிட்டு ஓட்டலாம், தவறில்லை. ஆனால் அதன் வாய் பெரியது. உங்கள் பழைய டேங்க் ஃப்ளோட் அதில் உட்காராது. புதிய ஃப்ளோட் வாங்க வேண்டும். அங்கேதான் என் வேலை வருகிறது.

டேங்க் ஃப்ளோட் என்பது மிதவையின் கையோடு நகரும் ஒரு மின்தடை. மீட்டர் அந்தத் தடையைப் படித்து முள்ளை நகர்த்துகிறது. எந்தத் தடைக்கு எந்த அளவு என்பதில் உலகம் ஒன்றுபடவே இல்லை. பழைய ஃபோர்டு வண்டிகளில் காலி என்றால் 73 ஓம், நிறைந்தால் 10 ஓம். 1960-களின் பிற்பாதியிலிருந்து வந்த ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் நேர் எதிர்: காலிக்கு 0, நிறைவுக்கு 90. தனியாக விற்கும் அமெரிக்க மீட்டர்கள் பலவற்றில் காலிக்கு 240, நிறைவுக்கு 33. ஐரோப்பிய விடிஓ நிறுவன வகையில் 10-இல் தொடங்கி 180. முதல் வகை மீட்டரோடு இரண்டாம் வகை ஃப்ளோட்டைக் கோத்தால், டேங்க் நிறைந்திருக்கும்போது முள் காலி என்று காட்டும். பெட்ரோல் குறையக் குறைய முள் ஏறும். மனதுக்கு மகிழ்ச்சியாக இருக்கும், நடுவழியில் நிற்கும்வரை.

கண்டுபிடிப்பது சுலபம். பழைய ஃப்ளோட்டை மேசையில் வைத்து மல்டிமீட்டரின் ஒரு முனையை அதன் உடலிலும் மறு முனையை வயர் முனையிலும் வையுங்கள். கையை அடியில் வைத்து ஒரு எண், உச்சியில் வைத்து ஒரு எண், நடுவில் நிறுத்தி ஒரு எண். மெதுவாக நகர்த்துங்கள், எண் குதித்தாலோ அறுந்துபோனாலோ அந்த இடத்தில் கம்பிச்சுருள் தேய்ந்திருக்கிறது. இந்த மூன்று எண்களைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு புதியதை வாங்குங்கள்.

ஆழமும் முக்கியம். ஆழமான டேங்கில் குட்டைக் கை ஃப்ளோட்டைப் போட்டால் எண் சரியாக இருந்தும் முள் பொய் சொல்லும்.

டீசல்வாசம்:

பிளாஸ்டிக் டேங்காக இருந்தால் ஃப்ளோட்டுக்கு எர்த் வயர் தனியாக இழுக்க வேண்டும். பிளாஸ்டிக் மின்சாரம் கடத்தாது. இதை மறந்துவிட்டு மீட்டரை மாற்றியவன் நான். எனக்கு எதிரான சாட்சியாகவே சொல்கிறேன். இரும்பிலானால் ஊற்றும் கழுத்தையும் சேஸிஸோடு வயரால் இணைத்துவிடுங்கள், நிலைமின்சாரப் பொறிக்கு வழி வைக்க வேண்டாம்.

தூசிப்பாதை:

அளந்தேன். அடியில் 88, நடுவில் 42, உச்சியில் 4. உச்சிக்குச் சற்று முன்னால் எண் குதிக்கிறது. என் மீட்டர் ஏன் இரண்டு வருடமாக முழு டேங்கில் துள்ளியது என்று இப்போது தெரிகிறது.

சைலன்சர் குழாய்க்கும் டேங்குக்கும் இடைவெளியும் பார்த்தேன். ஐந்து விரல்கடைகூட இல்லை. ஆழமான டேங்க் போட்டால் இன்னும் நெருங்கும். பிளாஸ்டிக் என்றால் வெப்பத்தகடு வேண்டும். ஆக, கார்புரேட்டர் வகை, இரும்பு, பழைய அளவு, புதிய பட்டைகள், அதே ஓம் அளவில் ஃப்ளோட். ஆர்டர் கொடுத்துவிட்டேன். இன்ஜெக்‌ஷன் ஆசை ஒரு பக்கம் இருக்கட்டும்.

பழையஇரும்பு:

ஹோஸ்களையும் வாங்குங்கள். பழைய ஹோஸை எத்தனாலுக்கு முந்தைய காலத்தின் ரப்பர் என்று வைத்துக்கொள்ளுங்கள்; எத்தனால் கலந்த பெட்ரோல் அதை உள்ளிருந்து மிருதுவாக்கி உதிர்க்கும். ஹோஸின் மேல் தர எண் அச்சிட்டிருக்கும்; கார்புரேட்டர் அழுத்தத்துக்கு எஸ்ஏஇ 30ஆர்7 போதும். இன்ஜெக்‌ஷனுக்கு 30ஆர்9. டேங்குக்குள்ளே பெட்ரோலில் மூழ்கி நிற்கும் துண்டு என்றால் 30ஆர்10 மட்டும்தான். வெளியே போடும் ஹோஸ் உள்ளும் புறமும் ஊறினால் தாங்காது.

தூசிப்பாதை:

டேங்க் வந்துவிட்டது. ஒரு மூலையில் உள்ளங்கை அளவு நசுங்கல். உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு, கூடவே பளபளக்கும் உலோகத் துகள். அனுப்பிவிடவா?

பற்றவைப்பவன்:

நசுங்கல் மடிப்பில் இருந்தால் அனுப்புங்கள். தட்டையான பகுதியில் என்றால் பரவாயில்லை. பிசுக்கு, கிடங்கில் துருப்பிடிக்காமல் இருக்கப் பூசியது. ஒரு லிட்டர் பெட்ரோல் விட்டுக் குலுக்கி வடிகட்டுங்கள், துகள் நிற்கும்வரை இரண்டு மூன்று முறை. மாட்டுவதற்கு முன் கசிவு சோதனை செய்யுங்கள், அதையும் குலுக்குவதற்கு முன் செய்யுங்கள், ஆவி இல்லாதபோது. முனைகளை அடைத்துச் சைக்கிள் பம்பினால் மெதுவாக. 0.1 பார் அழுத்தம் போதும், அதற்கு மேல் வேண்டாம். தட்டையான தகடு பந்தாக உப்பிவிடும். மடிப்பு முழுவதும் சோப்பு நுரை தடவுங்கள்.

தூசிப்பாதை:

நசுங்கல் தட்டையான பக்கத்தில்தான். நுரை வைத்துப் பார்த்தேன். மடிப்பில் ஒன்றும் இல்லை. பெட்ரோல் குழாய் முனை டேங்கோடு சேரும் பற்றில் ஒரே ஒரு குமிழ் கடுகளவு எழுந்து, வளர்ந்து, உடைந்தது. மறுபடி எழுந்தது. புத்தம்புதிய டேங்க்! படம் எடுத்து அனுப்பினேன், மாற்றித் தருகிறார்கள். மாட்டிய பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே விருப்பமில்லை.

தூசிப்பாதை (பன்னிரண்டு நாள் கழித்து):

இரண்டாவது டேங்க் சோதனையில் தேறியது. மாட்டியாயிற்று. வாசம் இல்லை. மீட்டர் முள் ஒழுங்காக நிற்கிறது. ஆனால் புதிய தொல்லை: பெட்ரோல் போடும்போது பங்க் ஹோஸின் துப்பாக்கி முனை ஐந்து நொடிக்கு ஒரு முறை டக்கென்று நின்றுவிடுகிறது. பத்து லிட்டர் போடுவதற்குள் பின்னால் நிற்பவர் ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டார்.

ஓம்கணக்கு:

காற்றுக்குழாய். கழுத்தோடு ஓடும் மெல்லிய ஹோஸ். பெட்ரோல் உள்ளே போகும்போது காற்று அதன் வழியாக வெளியே வர வேண்டும். எங்கோ மடிந்திருக்கிறது. பெட்ரோல் கழுத்துவரை ஏறித் துப்பாக்கியின் மூக்கைத் தொடுகிறது, அது நிறைந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திக்கொள்கிறது.

மழைச்சேறு:

ஹோஸ் கொஞ்சம் நீளமாக வெட்டியிருப்பீர்கள். எல்லோரும் அப்படித்தான் வெட்டுவோம், பிறகு உதவும் என்று. மூடியையும் பாருங்கள். பழைய அமைப்பில் காற்று உள்ளே நுழைய மூடியில்தான் வழி. மூச்சுவிடாத மூடியை அங்கே போட்டால் 20 கிலோமீட்டர் ஓடியபின் எஞ்சின் பெட்ரோலுக்கு ஏங்கி நிற்கும். மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கும். பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கார்பன் டப்பா வைத்த வண்டிக்கு மாறாக மூடிய மூடிதான் வேண்டும்.

தூசிப்பாதை:

மடிந்துதான் இருந்தது. சக்கர வளைவுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஹோஸ் முழங்கை போல மடங்கித் தட்டையாகிக் கிடந்தது. மூன்று விரல்கடை வெட்டி எடுத்தேன். இன்று 35 லிட்டர், ஒரே மூச்சில் போயிற்று. மூடியைத் திறந்து பார்த்தேன், உஸ் சத்தம் இல்லை.

பழைய டேங்கை என்ன செய்வது? பழைய இரும்பு எடுக்கிறவர் வேண்டாம் என்கிறார்.

பழையஇரும்பு:

மூடியோடு கொடுத்தால் எடுக்க மாட்டார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நீங்கள் வெட்டவோ துளைக்கவோ முயலாதீர்கள். எல்லா முனைகளையும் திறந்து, தீ இல்லாத வெட்டவெளியில் கவிழ்த்துப் போட்டுச் சில வாரம் விடுங்கள். கொடுக்கும்போது பெட்ரோல் டேங்க் என்று சாக்குக்கட்டியால் மேலே பெரிதாக எழுதிக் கொடுங்கள், அதை வெட்டப் போகிறவருக்காக.

தூசிப்பாதை:

கவிழ்த்துப் போட்டுவிட்டேன். எழுதியும் விட்டேன். அந்த ஈர நாடாவை மட்டும் பட்டறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். மூன்றாவது நாளாகிறது, இன்னும் காயவில்லை.